பாதி பக்கெட் தண்ணீர்

"வீட்டில் இத்தனை பேர் இருந்தும் எப்படி?" பக்கெட்டில் கவிழ்ந்த குழந்தையை அவசரப் பிரிவுக்குத் தூக்கி வருகிறவர்கள் கேட்பது இதைத்தான். பல சமயம் இத்தனை பேர் இருப்பதே காரணமாகிவிடுகிறது. பாட்டியிடம் இருக்கிறது என்று அம்மா நினைப்பார், அம்மாவிடம் போய்விட்டது என்று பாட்டி நினைப்பார். விசேஷ வீட்டில் கேட்கவே வேண்டாம். "நான் குளிக்கப் போறேன், பாப்பாவப் பாத்துக்குங்க அத்தை" என்று வாய்விட்டுச் சொல்லி, "சரிம்மா" என்ற பதில் காதில் விழுந்த பிறகே நகர வேண்டும்.

எழுந்து நிற்கப் பழகும் வயதில் குழந்தைக்கு உடம்பின் அளவுக்குத் தலை பாரம் அதிகம். விளிம்பைப் பிடித்து நின்று, உள்ளே மிதக்கும் கப்பை எடுக்கக் குனிந்தால் தலை முன்னே சரியும், கால் தரையை விட்டு எழும்பிவிடும். திரும்ப நிமிரக் கையில் வலு கிடையாது. பிளாஸ்டிக் பக்கெட்தானே, சாய்ந்துவிடாதா? 20 லிட்டர் பக்கெட்டில் பாதி தண்ணீர் என்றால் 10 கிலோ. ஒரு வயதுக் குழந்தையின் எடையும் ஏறக்குறைய அவ்வளவே. பக்கெட் அசையாது. மூக்கும் வாயும் முங்க 5 செ.மீ. தண்ணீர் போதும். தலை உள்ளே இருப்பதால் அழுகைச் சத்தமும் வெளியே வராது. அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். மூச்சு நின்ற நாலைந்து நிமிடத்தில் மூளை பாதிக்கத் தொடங்கும்.

பக்கெட்டைக் காலியாகக் கவிழ்த்து வையுங்கள் என்பது எளிய அறிவுரை. லாரித் தண்ணீரை நம்பி இருக்கும் வீட்டில் அது நடக்காது. அங்கே குளியலறைக் கதவுக்கு வெளிப்பக்கம், ஐந்தடி உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். சேமிக்கும் தண்ணீர் திருகுமூடி டிரம்மில் இருக்கட்டும். மேலே சும்மா வைக்கும் தட்டு குழந்தை சாய்ந்தால் நழுவிவிடும். கப்பை ஆணியில் மாட்டுங்கள். குழந்தையை இழுப்பது தண்ணீரைவிடப் பெரும்பாலும் அந்தக் கப்தான். சம்ப் மூடிக்குப் பூட்டு அவசியம்.

மூழ்கிய குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றாதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள். வயிற்றுத் தண்ணீர் மேலேறி நுரையீரலுக்குள் போகும். பொன்னான நிமிடங்களும் போகும். கெட்டியான தரையில் மல்லாக்கக் கிடத்துங்கள். மூச்சில்லை என்றால் தலையைச் சற்றே நிமிர்த்தி, நெஞ்சு எழும்பும் அளவுக்கு வாயோடு வாய் வைத்து 5 முறை ஊதுங்கள். ஒரு வயதுக்குள் என்றால் மூக்கையும் சேர்த்து வாயால் மூட வேண்டும். பெரிய குழந்தைக்கு மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்படியும் அசைவில்லையென்றால் நெஞ்சின் நடுவில், நெஞ்சின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு கீழே இறங்கும்படி 30 அழுத்தம், பிறகு 2 ஊதல். அழுத்துவது நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில். கூட இருப்பவர் 108-ஐ அழைக்கட்டும். தனியாக இருந்தால் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தொடருங்கள்.

அழுதுவிட்டது, பால் குடித்துவிட்டது என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளக் கூடாது. நுரையீரலுக்குள் போன தண்ணீரால் சில மணி நேரம் கழித்தும் மூச்சிரைப்பு வரலாம். அதனால் தெளிந்த குழந்தையையும் மருத்துவமனையில் ஆறிலிருந்து எட்டு மணி நேரம் வைத்துக் கவனிப்போம்.