சில்லிங் இஞ்சுரி: உறைவு அல்ல, குளிர்ப் பாதிப்பு

ஃபிரிட்ஜில் வைத்த வாழைப்பழத்தின் தோல் கறுத்துப்போகிறதே, அதுதான் சில்லிங் இஞ்சுரி. இதை 'உறைவுச் சேதம்' என்றும் 'உறைபனிக் காயம்' என்றும் எழுதுகிறார்கள். எத்தனை முறை படிப்பது! இரண்டும் தவறு.

'சில்' என்பது குளிரைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல். கூல், கோல்டு இரண்டும் அதன் உறவு. அவ்வளவுதான் வரலாறு.

தமிழில் உறைவது என்றால் நீர்மம் இறுகிக் கெட்டியாவது. பழத்தின் நீரில் சர்க்கரை கரைந்திருப்பதால், 0 பாகைக்கும் கீழே போனால்தான் அது உறையும். அப்போது பனிப்படிகங்கள் செல்களைக் கிழிக்கும். அந்தக் கேட்டுக்கு ஃப்ரீசிங் இஞ்சுரி என்று தனிப்பெயரே உண்டு. வாழைக்கோ சுமார் 13 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கினாலே தொல்லைதான். அங்கே ஒரு துளி நீர்கூட உறைவதில்லை. செல்லைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வின் கொழுப்பு இறுகுகிறது, அதில் பதிந்திருக்கும் புரதங்கள் வேலை செய்யத் திணறுகின்றன, சவ்வு கசிகிறது. தனித்தனியே இருந்த ஃபீனால்கள் என்ற வேதிப்பொருள்களும் அவற்றைக் கறுக்கவைக்கும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் நொதியும் கலந்து தோல் கறுக்கிறது.

'கொழுப்பு இறுகுவதும் உறைவுதானே' என்று சிலர் வாதாடலாம். சரி, ஆனால் படிப்பவர் மனதில் வருவது பனிக்கட்டி. உறையாத வரை பழத்துக்கு ஆபத்தில்லை என்றுதான் அவர் நினைப்பார். பீச் பழத்தைப் பாருங்கள்: 0 பாகையில் ஓரளவு தாங்கும், 5 பாகையில் வைத்தால் செல்களை ஒட்டவைக்கும் பெக்டினைக் கரைக்கும் நொதிகளின் சமநிலை குலைந்து, வெளியே எடுத்துப் பழுக்கவைக்கும்போது சதை சாறில்லாமல் மாவாகிவிடும். இதை 'உறைவு' என்ற சொல்லால் எப்படி விளக்குவது?

'குளிர்க்காயம்' பரவாயில்லை, ஆனால் காயம் என்றதும் வெட்டும் கீறலும்தான் நினைவுக்கு வரும். தனித்தமிழ் அன்பர்கள் 'குளிரூறு' எனலாம். ஊறு என்றால் கேடு, அழகான சொல். ஆனால் பழத்தைப் பற்றிப் பேசும்போது நீர் ஊறுவதாகவே காதில் விழும். தூய்மையைவிடத் தெளிவு முக்கியம் என்பவன் நான். 'குளிர்ப் பாதிப்பு' போதும். குளிர்பதனக் கிடங்கு என்று ஏற்கெனவே சொல்கிறோம், அதோடும் பொருந்தும்.

அகராதியில் முதலில் கிடைத்த சொல்லை எடுத்து ஒட்டும் பழக்கம்தான் கோளாறு. புரதம் தன் வடிவத்தை இழக்கும் டீநேச்சுரேஷனையும் இப்படித்தான் 'புரதச் சிதைவு' ஆக்கிவிட்டார்கள். அதில் அமினோ அமிலச் சங்கிலி அறுவதில்லை, மடிப்பு மட்டும் குலைகிறது. 'இயல்பிழத்தல்' என்ற நல்ல சொல் இருக்கும்போது சிதைவு எதற்கு?