மூத்த அதிகாரிகளின் சம்பளம்: தொகையைப் பார்க்கிறோம், தேதியைப் பார்ப்பதில்லை

போன வாரமும் அதே கதை. பிரிட்டனின் தேசிய சுகாதார சேவையில் பல ஆண்டுகளாக உள்தணிக்கை செய்கிறேன். ஒரு மருத்துவமனை நிர்வாகத்தின் சம்பளக் கோப்பைப் புரட்டினால், இயக்குநர் ஒருவருக்கு ஆறு மாதத்துக்கென்று கொடுத்த கூடுதல் பொறுப்புக்கான படித்தொகை மூன்றாவது ஆண்டாகப் போய்க்கொண்டிருக்கிறது. நீட்டித்த உத்தரவு எங்கே என்று கேட்டேன். உயர் அதிகாரிகளின் சம்பளத்தை முடிவுசெய்யும் ஊதியக் குழுவின் கூட்டக் குறிப்பை எடுத்து வைத்தார்கள். ஒப்புதல் ஜூன் 14. பணமோ ஏப்ரலிலிருந்தே போயிருக்கிறது. குழுவின் முன் வைத்த ஒரு பத்திக் குறிப்பை எழுதியவர், அதே இயக்குநரின் கீழ் வேலை பார்ப்பவர்.

"குழு ஒப்புதல் தந்துவிட்டதே!" என்றார்கள். கொடுத்து முடித்த பணத்துக்குப் பின்னால் போடும் கையெழுத்தை ஒப்புதல் என்று நான் எப்படி எழுதுவேன்?

இதைப் பற்றி வெளியில் யாரும் கேட்பதில்லை. ஆண்டறிக்கை வந்ததும் நண்பர்கள் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: "தலைமை அதிகாரி இத்தனை லட்சம் பவுண்ட் வாங்கினாராமே?" தயவுசெய்து அந்த அட்டவணையைக் கட்டம் கட்டமாகப் படியுங்கள். சம்பளம் ஒரு கட்டம், ஓய்வூதியப் பலன் வேறொரு கட்டம். இரண்டையும் கூட்டியதுதான் கடைசியில் நிற்கும் பெரிய தொகை. ஓய்வூதியக் கட்டத்தில் இருப்பது கைக்கு வந்த பணமே அல்ல. அவருக்குப் பிற்காலத்தில் ஆண்டுதோறும் கிடைக்கவிருக்கும் ஓய்வூதியம், விலைவாசி உயர்வு போக, இந்த ஆண்டில் எவ்வளவு கூடியது என்று பார்த்து, அதை 20 ஆல் பெருக்குகிறார்கள். ஓய்வுபெறும்போது வரும் மொத்தத் தொகையின் உயர்வைச் சேர்த்து, அவர் கட்டிய சந்தாவைக் கழிக்கிறார்கள். ஓய்வூதியம் 5,000 பவுண்ட் கூடினால், சந்தாவைக் கழிக்கும் முன் கட்டத்தில் ஒரு லட்சம் நிற்கும். வங்கிக் கணக்கில் அதில் ஒரு பவுண்டும் விழுந்திருக்காது. ஒவ்வொரு ஆண்டும் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இந்தத் தொகையைப் பார்த்துக் கொதித்து ஓய்வதற்குள், உண்மையிலேயே கேட்க வேண்டிய படி மூன்றாம் ஆண்டுக்குப் போய்விடுகிறது.

செவிலியருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் 2004 முதல் பொதுவான ஊதிய அட்டவணை இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உயர்மட்ட மேலாளர்கள் அதற்கு வெளியே இருப்பவர்கள். அவர்களுடைய சம்பளத்தை அந்தந்த நிர்வாகத்தின் ஊதியக் குழு தேசிய வழிகாட்டுதலை வைத்து முடிவுசெய்கிறது. குழுவுக்கு வரும் குறிப்பில் எப்போதும் "சந்தை நிலவரம்" என்ற சொல் இருக்கும். எல்லாக் குழுவும், அதே பதவிக்கு மற்ற நிர்வாகங்கள் தரும் சம்பளத்தின் நடுமதிப்புக்குக் கொஞ்சம் மேலே கொடுத்தால், அடுத்த ஆண்டு நடுமதிப்பே மேலே ஏறிவிடும். சந்தையை ஏற்றியவர்கள் நாம்தான்.

பணிநீக்க இழப்பீட்டில் ஒரு பாடம் கற்றோம். 2013 மறுசீரமைப்பில் இழப்பீடு வாங்கிக்கொண்டு போனவர்களில் பலர், அதே சேவையின் வேறொரு அமைப்பில் மறுபடி வேலைக்குச் சேர்ந்தார்கள். 2015 ஏப்ரலிலிருந்து கணக்கில் கொள்ளும் ஆண்டுச் சம்பளத்துக்கு 80,000 பவுண்ட் வரம்பு; இழப்பீடு அதிகபட்சம் 24 மாதச் சம்பளம்; ஆக 1,60,000. ஒப்பந்தத்துக்கு மேல் சிறப்பாக ஏதேனும் கொடுப்பதென்றால் அரசின் நிதித்துறையின் அனுமதி வேண்டும், அதுவும் ஆளிடம் தொகையைச் சொல்வதற்கு முன்பே. சொல்லிவிட்டு எங்களிடம் ஓடிவராதீர்கள்.

ஊதியக் குழுவில் உட்காரும், அன்றாட நிர்வாகப் பொறுப்பில் இல்லாத இயக்குநர்களே, உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். மின்னஞ்சலில் "சரி" என்று அனுப்பாதீர்கள். யாருடைய சம்பளமோ அவர் அறையை விட்டு வெளியே போன பிறகே பேச ஆரம்பியுங்கள். தற்காலிகப் படி என்றால் முடியும் தேதி இல்லாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பொதுமக்களும் கேட்கலாம்: 2000ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டப்படி 20 வேலைநாட்களுக்குள் பதில் தர வேண்டும். எவ்வளவு என்று மட்டும் கேட்காமல், என்றைக்கு ஒப்புதல், என்றைக்கு முதல் தவணை என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

அந்த இயக்குநரின் படி இந்த மாதத்தோடு நிற்கிறது. கொடுத்ததைத் திரும்பப் பெறுவதா என்று குழு அடுத்த கூட்டத்தில் முடிவுசெய்யும். அதற்கான குறிப்பை அவருக்குக் கீழே இல்லாத ஒருவர் எழுதுகிறார்.