குதிகாலைத் திருகினால் திறக்கும் பூட்டு

தலவாக்கலையிலிருந்து நானுஓயா பக்கம் ஏறும் ரோட்டில், ஒரு வளைவில் எதிரே லொறி வந்ததால் சைக்கிளை ஓரம் கட்டினேன். இடது குதிகாலை வெளிப்பக்கமாகத் திருகினேன். குதிகால் திரும்பியது, சப்பாத்து பெடலை விட்டு வரவில்லை. இன்னொரு தடவை திருகுவதற்குள் சைக்கிளோடு சேர்ந்து தேயிலைச் செடிகளின்மேல் சாய்ந்துவிட்டேன். மேலே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா எட்டிப் பார்த்து, "என்னா தம்பி, காலக் கட்டிப் போட்டுக்கிட்டா சைக்கிள் ஓட்டுறீங்க?" என்று கேட்டார்.

கட்டித்தான் போட்டிருந்தேன். காசு கொடுத்து.

இந்தப் பெடலுக்குப் பெயர் கிளிப்லெஸ். அதாவது கிளிப் இல்லாதது. காலை 'கிளிக்' என்று கவ்விக்கொள்ளும் பெடலுக்கு இப்படி ஒரு பெயரா என்று கேட்கலாம். முன்பெல்லாம் பந்தயக்காரர்கள் பெடலின் முன்னால் ஒரு கம்பிக் கூடு மாட்டி, அதற்குள் காலை நுழைத்து, தோல் வாரால் இறுக்கிக்கொள்வார்கள். அந்தக் கூட்டுக்குத்தான் கிளிப் என்று பெயர். கூடு போனது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. கூட்டை ஒழித்தது லுக் என்ற பிரெஞ்சு நிறுவனம். பனிச்சறுக்குக் கட்டைகளில் சப்பாத்தைப் பூட்டும் கருவி செய்துவந்தவர்கள் அவர்கள். சறுக்குபவர் விழுந்து கால் முறுக்கிக்கொண்டால் பூட்டு தானாகத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் எலும்பு போய்விடும். அதே யோசனையை 1984இல் சைக்கிள் பெடலுக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்த வருடமே பிரெஞ்சு வீரர் பெர்னார்ட் இனோ அந்தப் பெடலோடு டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்றார். ஜப்பானிய நிறுவனமான ஷிமானோவின் எஸ்.பி.டி. 1990இல் வந்தது. மலை சைக்கிளுக்கென்று செய்த சிறிய உலோகப் பூட்டு அது.

பூட்டு வேலை செய்யும் விதம் எளிமையானது. சப்பாத்தின் அடியில் கிளீட் என்ற தகடு ஒன்று திருகப்பட்டிருக்கும். பெடலின் முன்பக்கம் அசையாத கொக்கி, பின்பக்கம் ஸ்பிரிங் போட்ட தாடை. கிளீட்டின் மூக்கை முன்கொக்கிக்குள் நுழைத்துக் காலை அமுக்கினால், பின்தாடை ஒதுங்கி வழிவிட்டு உடனே திரும்பி வந்து கவ்விக்கொள்ளும். இனி மேலே இழுத்தாலும் வராது, முன்னே பின்னே தள்ளினாலும் வராது. குதிகாலைப் பக்கவாட்டில் திருகினால் மட்டும் கிளீட்டின் சரிந்த ஓரம் தாடையை நெம்பித் திறக்கும்.

ஏன் திருகுவதை மட்டும் வாசலாக வைத்தார்கள்? மிதிக்கும்போது கால் கீழே அழுத்தும், மேலே வரும், முன்னும் பின்னும் தள்ளும். இத்தனையும் செய்கிற கால், திருகுகிற வேலையை மட்டும் பெரிதாகச் செய்வதில்லை. உழைக்கும்போது கால் போகாத ஒரே திசையில் கதவை வைத்துவிட்டார்கள். எனக்கு இந்தக் கருவியிலேயே ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

சரி, காலைக் கட்டுவதால் என்ன லாபம்? மேலே வரும் காலும் பெடலை இழுப்பதால் பலம் கூடும் என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். ஆனால் 2007இல் வெளியான ஓர் ஆய்வில், வேண்டுமென்றே மேலே இழுத்து மிதித்தவர்களுக்கு அதே வேலைக்குக் கூடுதல் சக்திதான் செலவானது. உண்மையான லாபம் வேறு. கால் சரியான இடத்திலேயே நிற்கும். ரம்பொடைப் பக்கம் செங்குத்தான வளைவில் எழுந்து நின்று மிதிக்கும்போதும், குழி விழுந்த தோட்டத்து ரோட்டில் இறங்கும்போதும் கால் பெடலிலிருந்து வழுக்காது. மழையில் இதன் அருமை தெரியும்.

ஆனால் கால் ஒரே இடத்தில் நிற்பதில்தான் தொந்தரவும் இருக்கிறது. நிமிடத்துக்கு 60 சுற்று என்று வைத்தாலும் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு காலும் 3600 தடவை மடங்கி நீள்கிறது. கண்டியிலிருந்து 1868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு ஏற எனக்கு நாலு மணி நேரத்துக்குக் குறையாது. கணக்குப் பார்த்தால் 14,400 தடவை. முழங்கால் மடங்கி நீளும்போது கீழ்க்கால் எலும்பு கொஞ்சம் சுழலவும் செய்யும். பாதத்தை அசையாமல் பூட்டிவிட்டால் அந்தச் சுழற்சியின் பாரம் முழங்காலில் போய் விழும். அதனால்தான் பூட்டு திறக்காமலே குதிகால் சில பாகை அசைவதற்கு இடம் விட்டிருக்கிறார்கள். இதை அசைவு இடம் என்று சொல்லலாம்.

கிளீட் வாங்கும்போது நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. ரோட்டு சைக்கிளுக்கான மூன்று திருகுக் கிளீட்டில், லுக் நிறுவனத்தின் கியோ என்றால் கறுப்புக்கு அசைவு இடம் 0 பாகை, சாம்பலுக்கு 4.5, சிவப்புக்கு 9. ஷிமானோவிலோ சிவப்பு 0, நீலம் 2, மஞ்சள் 6. ஒரு வீட்டில் சிவப்பு தாராளம், மற்ற வீட்டில் சிவப்பு இறுக்கம்! புதிதாகத் தொடங்குகிறவர்கள் அசைவு இடமே இல்லாத கிளீட்டின் பக்கம் போகவே வேண்டாம் என்பேன்.

கிளீட்டை எந்தக் கோணத்தில் பொருத்துவது? உயரமான மேசையில் உட்கார்ந்து கால்களைத் தொங்கவிட்டுப் பாருங்கள். பெருவிரல்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றனவோ அதுதான் உங்கள் காலின் இயல்பு. பலருக்குக் கொஞ்சம் வெளிப்பக்கம் பார்க்கும், இரண்டு காலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றும் இல்லை. பெடல் அச்சு பெருவிரலுக்குக் கீழே பாதம் தடித்திருக்கும் இடத்துக்கு நேராக, அல்லது அதற்குச் சற்றுப் பின்னால் வரும்படி வையுங்கள். நீண்ட ஏற்றத்துக்கு நான் பின்னால் தள்ளித்தான் வைப்பேன். கெண்டைக்காலுக்கு வேலை குறையும், பாதத்தின் முன்பகுதி எரிவதும் குறையும்.

அந்த எரிச்சலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் சைக்கிளை மூலையில் சாத்துவதே அதனால்தான். விரல்களுக்குப் போகும் நரம்புகள் பாதத்தின் நீண்ட எலும்புகளுக்கு இடையில் ஓடுகின்றன. ஏற்றத்தில் மெதுவாக, பலமாக மிதிக்கும்போது பாரம் எல்லாம் முன்பாதத்தில் இறங்குகிறது. போதாததற்குக் கால் வீங்கும். சப்பாத்து இறுக்கமாக இருந்தால் எலும்புகள் நெருங்கி நரம்பை நசுக்கும். முதலில் விரல் மரத்துப்போகும், அப்புறம் அடுப்புத் தணலில் கால் வைத்த மாதிரி எரியும். கிளீட் சிறியதாகவும் சப்பாத்தின் அடி மெல்லியதாகவும் இருந்தால் பாரம் முழுவதும் ஒரு தீப்பெட்டி அகலத்தில் குவியும். கடினமான அடித்தகடு அதைப் பாதம் முழுக்கப் பரப்பிவிடும். அடி கடினமாக இருக்க வேண்டியது இதற்காகத்தான், வேகத்துக்காக அல்ல.

இன்னொன்று, அகலம். செருப்பில்லாமல் ஓடித் திரிந்து வளர்ந்த பாதம் முன்புறம் அகன்றிருக்கும், விரல்கள் விரிந்திருக்கும். தோட்டத்தில் வளர்ந்த என் கால் அப்படித்தான். பந்தயச் சப்பாத்துகளில் பலவும் ஒடுங்கிய அச்சில் செய்தவை. நீளம் சரியாக இருக்கும், அகலம் இடிக்கும். கடைக்காரர் இன்னொரு நம்பர் பெரிசாக எடுத்துத் தருவார். அப்போது குதிகால் கழன்று ஆடும். அகல அச்சில் செய்த சப்பாத்தைக் கேட்டு வாங்குங்கள். சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், ஓட்டும்போது போடும் அதே காலுறையோடு போட்டுப் பாருங்கள். விரல்களை உள்ளே ஆட்ட முடியவில்லை என்றால் எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம்.

மலையகத்தில் ஓட்டுகிறவர்களுக்கு மூன்று திருகு பிளாஸ்டிக் கிளீட்டை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அது வழுக்கும் அடியிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கும். ஈரமான கோயில் படியில் வாத்து மாதிரி நடக்க வேண்டும், நடந்தே தேய்ந்தும் போகும். நாமோ வழியில் நாலு இடத்தில் இறங்குகிறவர்கள். தேத்தண்ணிக் கடை, பீலித் தண்ணீர், மண் சரிந்து ரோடு மூடிக் கிடந்தால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஒரு நடை. எஸ்.பி.டி.யின் இரண்டு திருகுக் கிளீட், பள்ளம் வெட்டிய ரப்பர் அடிக்குள் ஒளிந்திருக்கும். சாதாரணமாக நடக்கலாம், சேறு பட்டாலும் இரண்டு உதறலில் பூட்டு வேலை செய்யும். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் பூட்டு என்று வரும் பெடல் இன்னும் வசதி. ஹட்டன் டவுனில் பஸ்ஸுக்கும் த்ரீவீலருக்கும் நடுவில் நுழையும்போது தட்டைப் பக்கத்தில் கால் வைத்துக்கொள்ளலாம்.

ஸ்பிரிங்கின் இறுக்கத்தைச் சிறிய அலன் கீயால், அதாவது அறுகோணச் சாவியால், கூட்டிக் குறைக்கலாம். முதல் மாதம் முழுக்கத் தளர்த்தியே வையுங்கள், இரண்டு பெடலிலும் ஒரே அளவாக. ஷிமானோவில் எஸ்.எச்.51 என்ற கிளீட் பக்கவாட்டுத் திருகலுக்கு மட்டும் திறக்கும், எஸ்.எச்.56 வேறு திசைகளில் பலமாக இழுத்தாலும் விட்டுவிடும். பழகும்வரை இரண்டாவதுதான் நல்லது. ரோட்டுக்கு வருமுன் லயத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நூறு தடவை பூட்டித் திறங்கள், பிள்ளைகள் சிரித்தாலும் பரவாயில்லை.

எனக்கு இதெல்லாம் பழகித்தான் இருந்தது. பிறகு ஏன் விழுந்தேன்? சைக்கிளை நிமிர்த்தியபோது பார்த்தேன், சப்பாத்து மட்டும் பெடலில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் காலை உருவிக்கொண்டு வெளியே வந்திருக்கிறேன். கிளீட்டைப் பிடிக்கும் இரண்டு திருகில் ஒன்று எங்கேயோ கழன்று விழுந்திருந்தது. மிச்சமிருந்த ஒற்றைத் திருகைச் சுற்றிச் சப்பாத்து சுழன்றதே தவிர, கிளீட் அசையவில்லை. கிளீட் அசையாமல் தாடை எப்படித் திறக்கும்? இப்போது திருகுகளில் கிரீஸ் பூசி முறுக்குகிறேன். மாதம் ஒருமுறை, மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை, சப்பாத்தைக் கவிழ்த்துப்போட்டு நாலு திருகையும் அலன் கீ வைத்துச் சோதித்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.