கையால் தொட்டதே இல்லை, டாக்டர்

புறாவால் நுரையீரல் கெட்டு என்னிடம் வந்தவர்களில், இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். 62 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியை. ஆறு மாதமாக வறட்டு இருமல், ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. ஆஸ்துமா என்று இன்ஹேலர், காசநோயோ என்று சளிப் பரிசோதனை, எல்லாம் ஆகிவிட்டது. முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால், மூச்சை இழுத்து முடிக்கும்போது வெல்க்ரோ பட்டையைப் பிரிப்பது போல ஒரு சத்தம். சிடி ஸ்கேனுக்கு எழுதிக்கொண்டே கேட்டேன்: "வீட்டுல புறா உண்டா அம்மா?"

"நாங்க பறவையே வளர்க்கலையே டாக்டர்."

மகள் போனை நீட்டினார். பால்கனியில் ஏசி அவுட்டோர் யூனிட்டுக்குப் பின்னால் நாலு துடைப்பக் குச்சி, ஒரு துண்டு கேபிள் ஒயர், இரண்டு முட்டை. தரை முழுக்கச் சுண்ணாம்பு கொட்டிய மாதிரி எச்சம். ஓரத்தில் கிண்ணத்தில் கம்பு வேறு!

"ஆனா கையால தொட்டதே இல்லை."

இந்த ஒரு வரியைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. இது தொற்று இல்லை. கிருமி இல்லை. கையைக் கழுவுவதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. புறாவுக்கு ஒரு நோயும் இருக்க வேண்டாம். நல்ல கொழுகொழு புறாவே போதும். காய்ந்த எச்சத்திலும் இறகிலிருந்து உதிரும் வெள்ளை மாவிலும் இருக்கும் புரதம் மூச்சோடு உள்ளே போகிறது, சிலர் உடம்புக்கு அது ஒத்துக்கொள்ளாமல் நுரையீரல் அழற்சி வருகிறது. நாள்பட்டால் தழும்பு. தழும்பான இடம் பழையபடி ஆகாது. எதிர் வீட்டுக்காரர் இருபது வருஷமாகப் புறா வளர்க்கிறார், அவருக்கு ஒன்றும் இல்லையே என்பீர்கள். அவர் உடம்பு வேறு, உங்கள் உடம்பு வேறு. புறாச் சிறகுக் காற்று பட்டால் வாதம் வராது என்று மாமியார் சொன்னாராம். அதை நான் எந்தப் பாடத்திலும் படிக்கவில்லை.

'புறா வளர்ப்போர் நுரையீரல்' என்று இதற்கு ஒரு பெயர் உண்டு. கெடுத்ததே அந்தப் பெயர்தான். வளர்ப்பவருக்கு மட்டும்தான் வரும் என்று நினைத்து எங்கள் பயிற்சி மருத்துவர்களே பால்கனியைப் பற்றிக் கேட்பதில்லை. 2017இல் வெளியான இந்தியப் பதிவேட்டில், நுரையீரல் திசு நோயுள்ள 1,084 பேரில் 47 சதவீதத்தினருக்கு இந்த ஒவ்வாமை அழற்சிதான். எல்லாம் புறாவால் இல்லை, ஏர்கூலர் வைத்திருந்தவர்களும் அதில் நிறைய.

புறா மேல் எனக்குக் கோபம் கிடையாது. பாறை இடுக்கில் கூடு கட்டிக்கொண்டிருந்த பறவையைக் கறிக்கும் கடிதத்துக்கும் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கூட்டி வந்தது நாம்தான். நெடுநல்வாடையில், குளிருக்கு வெளியே இரை தேடப் போகாமல் வீட்டு இறவாரத்திலேயே முடங்கிக் கிடக்கும் செங்கால் புறாவைப் பார்க்கலாம். ஒடிசா காவல்துறை 1946இல் தபாலுக்குப் புறாப் படையே வைத்தது. இன்றைய அடுக்குமாடி விளிம்பு அதற்கு இன்னொரு பாறை, அவ்வளவுதான். சிபிச் சக்கரவர்த்தி தொடைச் சதையை அறுத்துக் கொடுத்தான், சரி. உங்களிடம் யாரும் நுரையீரலைக் கேட்கவில்லை.

தானியம் போடுவதை இன்றே நிறுத்துங்கள். குஞ்சு இருந்தால் பறந்து போகட்டும், ஒரு மாதம்தான். அப்புறம் உடனே வலை. காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் கூட்டவே கூடாது. தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு வழித்து எடுங்கள். ஏற்கெனவே இருமல் உள்ளவர் அந்தப் பக்கமே போக வேண்டாம், வேறு யாராவது செய்யட்டும். புறா போன பிறகும் தூசி வீட்டுக்குள் மாதக்கணக்கில் இருக்கும்; திரைச்சீலை, மெத்தை, ஏசி வடிகட்டி எதையும் விடாதீர்கள். மூன்று வாரத்துக்கு மேல் இருமினால் மருத்துவரிடம் போங்கள். அவர் கேட்காவிட்டாலும் புறாவைப் பற்றி நீங்களே சொல்லிவிடுங்கள், தயவுசெய்து.

ஆசிரியைக்கு ஸ்டீராய்டு தொடங்கியிருக்கிறேன். வலை போடும்வரை மகள் வீட்டில் இருக்கிறார். மேல் வீட்டுக்காரர் தினமும் காலையில் அரிசி தூவுகிறாராம், சொன்னால் சண்டைக்கு வருகிறாராம். அவருடைய போன் நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன்.