ட்ரோலிங் என்பது ஓடுதூண்டில்

அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியில் சால்மன் பிடிப்பதைக் காட்டும் படங்களுக்குத் தமிழில் குரல் கொடுப்பவர்கள் 'இழுவலை மீன்பிடிப்பு' என்று சொல்லிச் சொல்லியே அதை நிலைநிறுத்திவிட்டார்கள். திரையில் வலையே இல்லை. ஓடும் படகின் பின்புறம் நாலைந்து தூண்டில் கம்புகள், தண்ணீருக்குள் நீளும் தங்கூசி என்னும் தூண்டில் இழை, முனையில் மினுங்கும் தகட்டு இரை. இது ட்ரோலிங். வலையை இழுப்பது ட்ராலிங். ஒலி கிட்டத்தட்ட ஒன்று என்பதால் தூண்டில்காரர் கையில் மடிவலையைத் திணிப்பதா?

ட்ரோல், பழைய பிரெஞ்சு வேட்டைச் சொல் வழி வந்தது. பொருள், விலங்கைத் தேடி அலைதல். ட்ரால் டச்சு வழி வந்ததாகச் சொல்வர். வடஐரோப்பியக் கதைகளில் வரும் பூதமான ட்ரோல் தனிச் சொல். இணையத்தில் வம்புக்கு இழுக்கும் ட்ரோல், தூண்டிலிலிருந்து போனது என்பதே பரவலான கருத்து. பூதம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் 'இழுதூண்டில்' என்கிறார்கள். வலை போனது, சரி. 'இழு' இருக்கிறதே! தமிழ் மீனவரிடம் இழுவை என்றால் நினைவுக்கு வருவது இழுவைமடி: கடலடியைச் சுரண்டும் வலை, இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடுத்த தொழில். அந்தச் சுமையை ஒரு தூண்டில்மேல் ஏன் ஏற்ற வேண்டும்? அமெரிக்க-கனடா எல்லையிலுள்ள ஈரி ஏரியில் குழப்பம் இன்னும் மோசம். அங்கே கனடாப் பக்கத்தில் ஸ்மெல்ட் மீனுக்கு மெய்யாகவே இழுவலை உண்டு. அதே ஏரியில் வால்ஐ மீனுக்கு ட்ரோலிங்கும் உண்டு. இரண்டுக்கும் 'இழு' என்றால் வாசகர் எதைப் பிரித்தறிவார்?

தொழிலின் உயிர் இழுப்பில் இல்லை, ஓட்டத்தில் இருக்கிறது. சினூக் சால்மனுக்குப் படகு மணிக்கு ஏறத்தாழ 3.5 முதல் 5 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டும். அது விரும்புவது 10 முதல் 13 பாகை செல்சியஸ் நீர். கோடையில் அந்தக் குளிர்ச்சி ஆழத்தில்தான். இரையை அங்கே இறக்குவதற்கு டவுன்ரிகர் என்னும் கருவி: எஃகுக் கம்பியில் நாலரை, ஐந்து கிலோ ஈயக்குண்டு, குண்டருகே தங்கூசியைப் பிடித்திருக்கும் ஒரு கவ்வி. மீன் கடித்ததும் தங்கூசி கவ்வியிலிருந்து விடுபடும். குண்டின் பாரமில்லாமல் மீனோடு மல்லுக்கட்டலாம். ஓட்டத்தில் கம்பி பின்னால் சாயும். இறக்கிய கம்பியின் நீளத்தைக் காட்டும் அளவி 30 மீட்டர் காட்டினாலும் குண்டு அதற்கு மேலேதான் நிற்கும். வேகம் கூடினால் இன்னும் மேலே. அடிநீரோட்டம் வேறு திசையில் ஓடினால் ஜிபிஎஸ் சொல்லும் வேகம் இரையின் வேகமாகாது. படகு வளையும்போது உள்பக்க இரை வேகம் குறைந்து தாழும், வெளிப்பக்க இரை விரைந்து எழும். வெளிப்பக்கம் கடி விழுந்தால் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிப் பார்ப்பார்கள். சட்டென்று வளைத்தால் எல்லாத் தங்கூசியும் ஒரே சிக்கு.

ஆகவே ஓடுதூண்டில். ஓடுபாதை, ஓடுதளம் போல வினைத்தொகை. வினையாக வேண்டுமானால் 'தூண்டில் ஓட்டுதல்'. 'ஓடு' என்றால் கூரை ஓடு நினைவுக்கு வருமாம். விமான நிலையத்தில் ஓடுபாதையைப் பார்த்து யாரும் கூரையைத் தேடுவதில்லை.

இந்த இழுப்பு நோய் கருவிக்கும் தொற்றியிருக்கிறது. சிறு படகை ஓசையில்லாமல் மெல்ல நகர்த்தும் மின்மோட்டாருக்கு ட்ரோலிங் மோட்டார் என்று பெயர். விற்பனைப் பக்கங்களில் அது 'இழுவை மோட்டார்' ஆகிவிட்டது. வலை இழுக்க வாங்குகிறவர் பாவம். மெல்லோட்ட மோட்டார் என்று போட்டால் போதும்.