சிவப்புப் பேனாவை எடுக்கும் முன்பு ஒரு கேள்வி

'மை கிராண்ட்மதர் ஹீ வெரி லைக் மீ.' சீனாவின் ஹெனான் மாநிலத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்து நான்கு மாதமே ஆகியிருந்த பதின்மூன்று வயதுப் பெண் எழுதிய வாக்கியம் இது. எனக்கும் அப்போது ஆங்கிலம் கற்பிக்கும் வேலை புதிது. ஆறு சொல்லில் நான்கு பிழை கண்டுபிடித்தேன். பாட்டியை ஆணாக்கியது ஒன்று. பாட்டி என்று சொன்ன பிறகும் தேவையில்லாமல் 'ஹீ' சேர்த்தது ஒன்று. 'வெரி' நின்ற இடம் ஒன்று. வினைச்சொல்லில் 'எஸ்' விட்டுப்போனது ஒன்று. நான்கையும் சிவப்பில் சுழித்து, 'கவனக்குறைவு' என்று ஓரத்தில் எழுதினேன். அவள் தலையாட்டினாள். அடுத்த வாரம் அம்மாவைப் பற்றி எழுதியபோது அதே நான்கும் திரும்பி வந்தன.

அவளிடம் கவனத்துக்குக் குறைவே இல்லை என்பது எனக்குப் புரியச் சில ஆண்டுகள் ஆயின. அந்த வாக்கியம் பிழையே இல்லாத சீன வாக்கியம். அதன் மேல் ஆங்கிலச் சொற்களை வரிசையாக ஒட்டியிருந்தாள், அவ்வளவுதான். சீனத்தில் 'அவன்', 'அவள்' இரண்டுக்கும் ஒலி ஒன்றே: 'தா'. பெண்பாலுக்குத் தனி எழுத்து புழக்கத்துக்கு வந்து நூறு ஆண்டுகள்தான் ஆகின்றன. 1920 வாக்கில் லியு பான்னொங் என்ற கவிஞர் அதற்காக வாதாடினார். எழுத்து இரண்டானாலும் வாயில் ஒலி ஒன்றாகவே நின்றுவிட்டது. எனவே ஆங்கிலத்தில் வேகமாகப் பேசும்போதோ எழுதும்போதோ 'ஹீ', 'ஷீ' இரண்டும் கலந்து விழுகின்றன. எழுவாயைச் சொல்லி நிறுத்திவிட்டு, 'அவர்' என்று மறுபடி தொடங்குவதும் அங்கே இயல்பான பேச்சு. 'மிகவும்' வினைக்கு முன்னால்தான் நிற்கும். வினைச்சொல் யாருக்காகவும் உருமாறாது.

பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் நம்மவர்கள் பலர் இங்கே சீன மாணவர்களுக்கும் வகுப்பு நடத்துகிறோம். அந்த ஆசிரியர்களுக்காகவே இதை எழுதுகிறேன். பிழையைச் சுழிக்கும் முன்பு, 'இதைச் சீனத்தில் எப்படிச் சொல்வாய்?' என்று கேளுங்கள். நமக்குச் சீனம் தெரிய வேண்டியதில்லை. மாணவர் அதைச் சொல் சொல்லாக விளக்கும்போது பிழையின் வேர் அவருக்கே தெரிந்துவிடும். (போகிற போக்கில் ஒன்று: சிவப்பு மையில் திருத்துங்கள், மதிப்பெண் போடுங்கள், ஆனால் மாணவரின் பெயரை மட்டும் சிவப்பில் எழுதாதீர்கள். அவர்கள் வீடுகளில் அது அபசகுனம்.)

சீனாவில் மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் உண்டு. இங்கே வந்து சேரும் பிள்ளைகள் இலக்கணம் தெரியாதவர்கள் அல்லர், பல நேரம் என்னைவிட விதிகளை நன்றாகச் சொல்வார்கள். சிக்கல் வேறு இடத்தில். அவர்களுக்கு இலக்கணப் பயிற்சி என்றாலே கோடிட்ட இடம்தான். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வான காவ்காவில் பெரும்பாலான மாநிலங்களில் மொத்தம் 750 மதிப்பெண், அதில் ஆங்கிலத்துக்கு 150. ஒரு பத்தியில் பத்து இடங்களைக் காலியாக விட்டு நிரப்பச் சொல்லும் பகுதி அதில் உண்டு. ஐந்து வாக்கியங்களை உருவிவிட்டு, ஏழு வாக்கியங்களைக் கொடுத்து, ஐந்தைப் பொருத்தச் சொல்லும் பகுதியும் உண்டு. இவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு காலியிடமும் 'இங்கே ஒரு விதி இருக்கிறது, விழித்துக்கொள்' என்று மணியடிக்கிறது. சொந்தமாக எழுதும்போது அந்த மணியை யார் அடிப்பார்கள்?

ஷென்யாங் நகரத்துப் பையன் ஒருவன் வினைச்சொல் காலங்கள் பற்றிய பயிற்சித்தாளில் இருபதுக்குப் பத்தொன்பது வாங்கினான். அதே மாலை வார இறுதியைப் பற்றி அரைப் பக்கம் எழுதச் சொன்னேன். 'எஸ்டர்டே ஐ கோ' என்று தொடங்கியது, கடைசி வரை ஒரு வினைகூட இறந்தகாலத்துக்குப் போகவில்லை. நேற்று என்று ஒரு முறை சொல்லியாகிவிட்டதே, வினைக்கு வினை அதை ஏன் திரும்பச் சொல்ல வேண்டும் என்பது சீனத்தின் நியாயம். நியாயம்தான், ஆங்கிலம் அதை ஏற்பதில்லை.

இதில் இன்னொரு வலை இருக்கிறது. சீனத்தில் வினைக்குப் பின்னால் வரும் 'லெ' என்ற சிறு சொல்லைப் பல மாணவர்கள் இறந்தகால உருபு என்றே மனப்பாடம் செய்திருக்கிறார்கள். அது செயல் முடிந்ததைக் காட்டுகிறதே தவிர, காலத்தைக் காட்டுவதில்லை. 'நாளை சாப்பிட்டுவிட்டுப் போகலாம்' என்பதிலும் அவர்கள் 'லெ' போடுவார்கள். தமிழர்களுக்கு இது உடனே விளங்கும். நாமும் நாளைய சாப்பாட்டைச் 'சாப்பிட்டு' என்றுதானே சொல்கிறோம்? இந்தப் பிழையை ஆங்கிலம் மட்டுமே தெரிந்த ஆசிரியர் பிடிப்பதைவிட நாம் எளிதாகப் பிடிக்கலாம்.

பொதுவாகவே நமக்கு இந்த வகுப்பில் ஒரு வசதி இருக்கிறது. 'நேற்று வந்த பையன்' என்கிறோம். சீனத்திலும் நேற்று, வந்த, பையன் என்றே வரிசை, நடுவில் 'தெ' என்ற ஒட்டுச்சொல் நம் பெயரெச்சத்தின் வேலையைச் செய்கிறது. ஆங்கிலம் மட்டும் பையனை முதலில் நிறுத்திவிட்டு, அவன் வந்த கதையைப் பின்னால் இழுத்துக்கொண்டு வருகிறது. 'உனக்குப் பிடிக்காதா?' என்று கேட்டால் நாம் 'ஆமாம், பிடிக்காது' என்போம், அவர்களும் அப்படியே. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் 'நோ' சொல்ல வேண்டும். இந்த ஒரு 'யெஸ்'ஸால் உணவங்காடியில் வேண்டாத மிளகாயைத் தின்ற மாணவர்களை எனக்குத் தெரியும்.

ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'த', 'ஏ' இரண்டும் வேறு கதை. தமிழிலும் இல்லை, சீனத்திலும் இல்லை என்று கைவிரித்துவிடுவது எளிது. எட்டு வரிப் பத்தி ஒன்றிலிருந்து இவற்றை எல்லாம் நீக்கிவிட்டு, காலியிடமும் காட்டாமல், எத்தனை நீக்கினேன் என்றும் சொல்லாமல் கொடுப்பது என் வழக்கம். எங்கே வேண்டும் என்பதை மாணவரே கண்டுபிடிக்க வேண்டும். ஷென்யாங் பையன் முதல் நாள் 'த'வைக் கறிக்கு உப்புத் தூவுவதுபோல் தூவினான். விதியைக் கேட்டால் புத்தகத்தில் உள்ளபடி ஒப்பித்தான். பிறகு சீனத்துக்கே போனோம். 'கெரன் லாய் லெ' என்றால், நாம் எதிர்பார்த்திருந்த விருந்தாளி வந்துவிட்டார். சொல்லை மாற்றி 'லாய் கெரன் லெ' என்றால், யாரோ ஒரு விருந்தாளி வந்திருக்கிறார். தெரிந்தவர் வினைக்கு முன்னால், தெரியாதவர் பின்னால். சீனம் இடத்தை மாற்றிச் செய்யும் வேலையை ஆங்கிலம் இந்தக் குட்டிச் சொற்களைக் கொண்டு செய்கிறது என்று சொன்னதும் அவன் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். மறுநாளே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தூவுவது நின்றது. ஒவ்வொரு பெயர்ச்சொல்லிலும் நின்று, 'படிப்பவருக்கு இது எது என்று தெரியுமா?' என்று முணுமுணுக்கத் தொடங்கினான்.

மொழிபெயர்ப்பைப் பழைய காலத்து முறை என்று ஒதுக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். எனக்கு உடன்பாடு இல்லை. சீனப் பல்கலைக்கழக மாணவர்கள் எழுதும் நான்காம் நிலை ஆங்கிலத் தேர்வு 1987இல் தொடங்கியது. முன்பு அதில் வாக்கியத்தின் ஒரு துண்டை மட்டும் மொழிபெயர்த்தால் போதும். 2013 டிசம்பரிலிருந்து 140 முதல் 160 எழுத்துகள் கொண்ட முழுப் பத்தியை அரை மணி நேரத்தில் ஆங்கிலத்தில் தர வேண்டும், மொத்த மதிப்பெண்ணில் 15 விழுக்காடு. தேநீர், திருவிழா, வரலாறு, பொருளாதாரம் என்று தலைப்புகள் வரும். துண்டிலிருந்து பத்திக்கு மாறியது நல்ல மாற்றம், ஏனென்றால் தொல்லையெல்லாம் வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் இடையில்தான். சீனப் பத்தியில் காற்புள்ளிகள் தொடர்ந்து வரும், முற்றுப்புள்ளி மூன்று வரி தள்ளி வரும். எழுவாய் பாதியில் காணாமல் போகும், படிப்பவர் நிரப்பிக்கொள்வார். தமிழிலும் இதே சுதந்திரம் உண்டு. ஆங்கிலத்தில் ஒவ்வொரு வினைக்கும் ஆள் காட்டியாக வேண்டும். எனவே மொழிபெயர்க்கும் முன்பு சீனப் பத்தியிலேயே பென்சிலால் இரண்டு வேலை: வாக்கியம் முடிகிற இடத்தில் கோடு, எழுவாய் இல்லாத இடத்தில் 'யார்?' என்ற கேள்வி. பாதிப் பிழை அங்கேயே போய்விடும். கைப்பேசியில் மொழிபெயர்க்கும் மாணவரிடமும் இதே 'யார்?' கேள்வியைக் கேட்கச் சொல்கிறேன். இயந்திரமும் எழுவாயை ஊகித்துத்தான் போடுகிறது.

எண்கள் தனி. சீனர்கள் நான்கு நான்கு இலக்கமாக எண்ணுவார்கள். பத்தாயிரம் ஒரு 'வான்', பத்துக் கோடி ஒரு 'யீ'. மக்கள்தொகை பதினான்கு 'யீ' என்பதைப் பதினான்கு பில்லியன் என்று எழுதிச் சீனாவை ஒரே வரியில் பத்து மடங்காக்கியவர்கள் என் வகுப்பில் வாராவாரம் உண்டு. லட்சம், கோடிக்கும் மில்லியனுக்கும் இடையில் நாம் படும் பாடுதான் இதுவும். சுழியங்களை எழுதிக் காட்டி, மூன்று மூன்றாகக் காற்புள்ளி வைக்கச் சொல்வதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

1898இல் ஆங்கிலேய உயிரியலாளர் ஹக்ஸ்லியின் நூலைச் சீனத்துக்குக் கொண்டுவந்த யன் ஃபூ, மொழிபெயர்ப்புக்கு 'சின், தா, யா' என்று மூன்று இலக்கணம் வகுத்தார். மூலத்துக்கு உண்மையாக இருப்பது, பொருள் போய்ச் சேர்வது, நடை நயம். சற்று வளர்ந்த மாணவர்கள் இதைத் தலைகீழாகச் சொல்வார்கள், பயிற்சியையும் தலைகீழாகச் செய்வார்கள். முதல் பாய்ச்சலே நயத்துக்கு. அகராதியில் பெரிய சொல்லாகப் பார்த்து எடுத்து வைப்பார்கள். கட்டுரை என்றால் 'வித் த டெவலப்மெண்ட் ஆஃப்' என்று ஆரம்பிக்காமல் இருக்க அவர்களால் முடியாது. அந்தத் தொடரை என் வகுப்பில் தடை செய்திருக்கிறேன், இதில் எனக்கு இரக்கமே இல்லை.

சொற்களை மனப்பாடம் செய்யும் பட்டியல்களால் வரும் கேடு இது. அகர வரிசைப் புத்தகத்தின் முதல் சொல் 'அபாண்டன்', கைவிடு என்று பொருள், எனவே படிப்பையும் முதல் பக்கத்திலேயே கைவிட்டோம் என்பது சீன மாணவர்களிடம் நெடுநாள் நகைச்சுவை. பட்டியலில் ஒரு சொல்லுக்கு ஒரு சீனச் சொல் எதிரே இருக்கும். ஆனால் சீனத்தில் 'கான்' என்ற ஒரே வினையால் பார்க்கலாம், படிக்கலாம், திரைப்படம் காணலாம், மருத்துவரிடம் போகலாம். ஆங்கிலத்துக்கு வந்தால் இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வினை. ('கான்' நம் 'காண்' போலவே ஒலிப்பதைச் சொன்னால் வகுப்பு கலகலக்கும். அதற்கு மேல் ஆராய்ச்சியில் இறங்க வேண்டாம், தற்செயல்தான்.) ஆகவே சொல்லைத் தனியாக எழுதாமல், அதனோடு சேரும் சொல்லையும் சேர்த்து எழுதச் சொல்கிறேன். நாளுக்கு ஐம்பது வேண்டாம், ஆறு போதும்.

வாசிப்பில் எனக்கு எப்போதும் வியப்பாக இருப்பது ஒன்று. சீன எழுத்தில் சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது. அதைக் கண்ணாலேயே பிரித்து ஓட்டமாகப் படிக்கிறவர்கள், இடைவெளி விட்டு அச்சிட்ட ஆங்கிலத்தில் ஒவ்வொரு இடைவெளியிலும் நின்றுவிடுகிறார்கள். நீண்ட வாக்கியம் வந்தால் கடைசி வரை போய்விட்டுத் திரும்பி ஓடிவருகிறார்கள், பையனுக்குப் பின்னால் வரும் கதையைச் சீன வழக்கப்படி பையனுக்கு முன்னால் கொண்டுபோய் வைக்க வேண்டுமே! பழைய நாள்காட்டி அட்டை ஒன்றை வைத்துப் படித்த வரியை மறைத்துக்கொண்டே வரச் சொல்வேன். திரும்ப முடியாது. முதலில் மூச்சுத் திணறும். வாக்கியத்தில் முதன்மை வினையை மட்டும் தேடு, மற்றதெல்லாம் தொங்கல் என்று சொல்லிக்கொடுத்தால், மூன்று நான்கு வாரத்தில் ஆங்கில வரிசையிலேயே பொருளை வாங்கப் பழகிவிடுகிறார்கள். இதற்குக் கடினமான பத்தி கூடாது. பக்கத்துக்கு இரண்டு மூன்று தெரியாத சொற்களுக்கு மேல் இருந்தால் அது அகராதிப் பயிற்சி, வாசிப்பு ஆகாது.

பெற்றோரைச் சமாளிப்பது இதையெல்லாம்விடக் கடினம். பிள்ளைக்குத் துணையாகச் சீனாவிலிருந்து கூடவே வந்து தங்கும் தாய்மார்களைப் 'பெய்து மாமா' என்பார்கள். சீனத்தில் 'மாமா' என்றால் அம்மா. முதல் நாள் 'மாமா வெளியே காத்திருக்கிறார்' என்று ஒரு பையன் சொன்னதைக் கேட்டு வாசலில் ஓர் ஆண்பிள்ளையைத் தேடினேன். அரசுப் பள்ளியில் சேர ஆங்கிலத்திலும் கணிதத்திலும் சேர்க்கைத் தேர்வு எழுத வேண்டும் என்பதால் அவர்களுடைய பதற்றம் எனக்குப் புரிகிறது. நான் முன்பு வேலை செய்த ஒரு துணைப்பாட நிலையத்தில் அந்தப் பதற்றத்தை எடைபோட்டு விற்றார்கள்: வாரத்துக்கு இத்தனை பயிற்சித்தாள் என்று கணக்கு. தாய்மார்களும் பக்கத்தை எண்ணுவார்கள். ஒரு மணி நேரத்தில் ஒரே பத்தியைப் பார்த்தோம் என்றால் முகம் வாடும். இப்போது வகுப்பு முடிந்ததும் பிள்ளையை அம்மா முன்னால் அந்தப் பத்தியைச் சீனத்தில் வாய்விட்டுச் சொல்ல வைக்கிறேன். ஆங்கிலம் தெரியாத அம்மாவுக்கும் பிள்ளைக்கு விளங்கியதா இல்லையா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது.

அந்த ஹெனான் பெண் பிறகு என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். 'லாவ்ஷி (ஆசிரியரே), நான் எழுதியது நைநை, அப்பாவின் அம்மா. அம்மாவின் அம்மாவுக்கு வேறு பெயர். கிராண்ட்மதர் என்றால் எந்தப் பாட்டி என்று எப்படித் தெரியும்?' எங்கள் வீட்டிலும் அப்பாயி வேறு, அம்மாச்சி வேறு என்றேன். தேர்வில் 'கிராண்ட்மதர்' என்றே எழுதச் சொன்னேன். நோட்டில் அவள் 'மை நைநை' என்று எழுதினாள், இந்த முறை 'ஷீ' கூட இல்லை, நேராக வினைக்குப் போயிருந்தாள், வால் பக்கம் 'எஸ்' இருந்தது. அந்தப் பக்கத்தில் நான் எதையும் சுழிக்கவில்லை.