திம்பம் ஏற்றத்தில் முதல் கியர்

பண்ணாரியைத் தாண்டியதும் சாலை மலையைப் பிடித்துக்கொள்கிறது. திம்பம் போய்ச் சேர 27 கொண்டை ஊசி வளைவுகள். பள்ளி விடுமுறை ஒன்றில் என் தாய்மாமன் ஓட்டிய லாரியில் கிளீனருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஏற்றத்தில் போனேன். எங்களுக்கு முன்னால் ஏறிய வண்டி ஒரு வளைவின் வாயில் 'கர்ர்ர்' என்று அலறியது. கியர் விழவில்லை. வண்டி நின்றது, ஒரு முழம் பின்னால் உருண்டது, அதன் கிளீனர் கட்டையைத் தூக்கிக்கொண்டு குதித்துப் பின் டயருக்கு அண்டை கொடுத்தார். அந்த வண்டி நகர்ந்த பிறகு எங்கள் முறை வந்தது. அடுத்த வளைவில் மாமா கிளட்சை மிதித்தார், கியர் ராடை எந்தக் கியரும் விழாத நியூட்ரலுக்குத் தள்ளினார், கிளட்சை விட்டார், ஆக்சிலேட்டரை ஒரு அழுத்து அழுத்தினார், மறுபடி கிளட்சை மிதித்தார். ராடு தயிருக்குள் கரண்டி இறங்குவது போல முதல் கியரில் இறங்கியது.

"இதற்குக் கைப்பலம் வேண்டாம் கண்ணு, காது வேண்டும்" என்றார். அவர் சொன்னது எவ்வளவு சரியான இயந்திரவியல் என்று எனக்குப் புரியப் பல வருடங்கள் ஆயின.

கணக்கில் தொடங்குவோம். ஒரு லாரியில் முதல் கியரின் விகிதம் 7, இரண்டாம் கியரின் விகிதம் 4, பின் அச்சில் இருக்கும் கிரவுன் என்ற பற்சக்கரத்தின் விகிதம் 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கியரில் இன்ஜின் 42 முறை சுற்றினால்தான் சக்கரம் ஒரு முறை சுற்றும். இரண்டாம் கியரில் 24 முறை போதும். டயர் ஒரு சுற்றுக்கு 3.3 மீட்டர் நகர்கிறது என்றால், இரண்டாம் கியரில் நிமிடத்துக்கு 1,000 சுற்றில் வண்டியின் வேகம் மணிக்கு 8 கிலோமீட்டர் சொச்சம். அதே வேகத்தில் முதல் கியர் விழ வேண்டுமானால் 1,750 சுற்று வேண்டும். இந்த 750 சுற்றுதான் விவகாரம். அதை யாராவது கொடுத்தாக வேண்டும்.

கியர் பாக்ஸுக்குள் நடப்பதை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ராடை நகர்த்தும்போது பற்சக்கரங்கள் நகர்ந்துபோய் ஒன்றையொன்று கடிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். இன்றைய வண்டிகளில் முன்னோக்கிப் போகும் கியர்களின் பற்சக்கரங்கள் எப்போதும் தம் ஜோடிகளோடு கடித்தபடிதான் இருக்கின்றன. சக்கரங்களை நோக்கிப் போகும் தண்டான மெயின் ஷாஃப்டின் மேல் ஒவ்வொரு பற்சக்கரமும் தன் போக்கில் சுழன்றுகொண்டிருக்கும். ராடு தள்ளுவது ஸ்லீவ் என்ற வளையத்தை. அது ஷாஃப்டோடு சேர்ந்து சுழல்வது. போய் எந்தப் பற்சக்கரத்தைப் பிடிக்கிறதோ அதுதான் அப்போதைய கியர். பிடிக்கும் கணத்தில் இரண்டும் ஒரே வேகத்தில் சுழல வேண்டும். நம் கணக்கில் ஸ்லீவ் நிமிடத்துக்கு 250 சுற்று சுற்றுகிறது; முதல் கியரின் பற்சக்கரமோ 143 சுற்றுதான். இந்த நிலையில் மோதவிட்டால் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி அறைபடும். அந்த வண்டியில் கேட்ட அலறல் அதுதான்.

கிளட்சை மிதித்தால் எல்லாம் நின்றுவிடும் என்பதும் தவறு. கிளட்ச் பிரிப்பது இன்ஜினை மட்டுமே. கிளட்ச் தட்டு, உள்ளே நுழையும் ஷாஃப்ட், அதன் சுழற்சியை வாங்கிக்கொண்டு அடியில் ஓடும் லே ஷாஃப்ட், அதோடு கடித்திருக்கும் பற்சக்கரங்கள் எல்லாம் சேர்ந்து சுழன்றுகொண்டே இருக்கும். இவை அத்தனையையும் வேகப்படுத்தினால்தான் முதல் கியரின் பற்சக்கரம் 143-இலிருந்து 250-க்கு ஏறும். அந்த வேலையைச் செய்வதற்காகவே சிங்க்ரோ ரிங் என்ற கூம்பு வளையம் இருக்கிறது. 1928-இல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் இந்த ஏற்பாடு அறிமுகமானது. ஸ்லீவ் பற்களைத் தொடுவதற்கு முன் இந்த வளையம் பற்சக்கரத்தின் கூம்பின்மேல் அழுந்தி, உராய்வால் அதைத் தன் வேகத்துக்கு இழுத்து வருகிறது. வேகம் ஒன்றாகும் வரை ஸ்லீவுக்கு வழிவிடாமல் தடுப்பதும் அதுவே.

பிறகு ஏன் முதல் கியர் மட்டும் இப்படி முரண்டு பிடிக்கிறது? வளையம் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து பாருங்கள். அது பற்சக்கரத்தை ஒரு சுற்று சுற்றினால் கிளட்ச் தட்டு ஏழு சுற்று சுற்றியாக வேண்டும். சுழலும் பொருளின் மந்தம், அதாவது வேகம் மாற மறுக்கும் குணம், இந்த விகிதத்தின் வர்க்கமாகப் பெருகித் தெரியும். ஏழின் வர்க்கம் 49. இரண்டாம் கியரின் வளையத்துக்கு அதே தட்டு 16 மடங்காகத்தான் தெரியும். போதாததற்கு, கெட்டியான கியர் ஆயில் எல்லாவற்றையும் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது. மேல் கியருக்குப் போகும்போது சுற்று குறைய வேண்டும் என்பதால் ஆயிலின் இழுப்பு உதவி. கீழே வரும்போது அதுவே பகை. பழைய லாரிகள் பலவற்றில் முதல் கியருக்குச் சிங்க்ரோ ரிங்கே கிடையாது.

சங்ககிரிப் பக்கம் ஒரு பட்டறையில் கழற்றிப் போட்ட வளையம் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பித்தளை, உள்பக்கம் மெல்லிய மறை போல வரிகள் வெட்டியிருக்க வேண்டும். அந்த வரிகள்தாம் ஆயில் படலத்தை அறுத்து உலோகத்தை உலோகத்தோடு பிடிக்கவைப்பவை. என் கையில் இருந்ததில் வரிகள் மழுங்கி, விரலுக்குக் கண்ணாடி போல வழவழத்தன. மெக்கானிக் அதைக் கூம்பில் வைத்து அழுத்திக் காட்டினார். பற்சக்கரத்துக்கும் வளையத்துக்கும் நடுவே கத்தி முனை நுழையும் இடைவெளிகூட மிச்சமில்லை. பலத்தால் கியர் போடுபவர்களின் வண்டியில் இது சீக்கிரம் இப்படி ஆகிவிடும் என்றார்.

மாமா செய்தது டபுள் கிளட்ச். நியூட்ரலில் கிளட்சை விட்டதும் தட்டும் ஷாஃப்ட்டுகளும் மறுபடி இன்ஜினோடு சேர்ந்தன. ஆக்சிலேட்டரை அழுத்தியபோது அந்த 750 சுற்றை வளையத்துக்குப் பதிலாக இன்ஜினே கொடுத்துவிட்டது. எத்தனை சுற்று கொடுத்தால் போதும் என்பதைத்தான் அவர் காதால் அளந்தார்.

ஏற்றத்தில் இன்னொன்றும் சேர்கிறது. நூறு அடிக்கு ஆறு அடி உயரும் சரிவில் நியூட்ரலில் விட்ட லாரி, ஒவ்வொரு நொடியும் மணிக்கு ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர் வேகத்தை இழக்கும். இதில் காலி வண்டி, லோடு வண்டி என்ற வித்தியாசம் பெரிதாக இல்லை. எட்டு கிலோமீட்டரில் இருந்த வண்டி ஒரு நொடி கழித்து ஐந்தரையில் இருக்கும். அப்போது முதல் கியருக்குத் தேவை 1,750 அல்ல, 1,200 சுற்றுதான். மேடு நமக்காகக் கணக்கை எளிதாக்குகிறது. ஆனால் மூன்று நொடி தாண்டினால் வண்டி நின்று பின்னால் உருளும். அதனால்தான் அனுபவசாலிகள் வளைவுக்குள் நுழைந்த பிறகு கியரைத் தேடுவதில்லை; வளைவின் உட்பக்கத்தில் சரிவு இன்னும் செங்குத்தாகும் என்பதால், முன்கூட்டியே போட்டுவிடுகிறார்கள்.

இறக்கத்தில் எல்லாம் தலைகீழ். நியூட்ரலுக்கு வந்த கணத்தில் இன்ஜினின் பிடி விட்டுப்போய் வண்டி வேகம் எடுக்கிறது. தேவையான சுற்று நொடிக்கு நொடி ஏறிக்கொண்டே போகும். நாம் துரத்தத் துரத்த அது ஓடும். மணிக்கு 25 கிலோமீட்டரில் முதல் கியரைத் திணித்தால், நம் கணக்கின்படி கிளட்ச் தட்டு 5,300 சுற்று சுற்ற வேண்டும். 2,500 சுற்றுக்காகச் செய்த தட்டு அது. சுற்று இரண்டு மடங்கைத் தாண்டும்போது தட்டைப் பிய்க்கும் விசை நான்கு மடங்கைத் தாண்டிவிடும். கிளட்ச் மிதித்த காலுக்கு இது தெரியாது. இன்ஜின் அமைதியாக இருக்கும்போதே உள்ளே தட்டின் லைனிங் சிதறிப்போகும். கிளட்சை விட்டால் இன்ஜினின் வால்வுகளுக்கும் அதே கதி.

மாமா திரும்பி இறங்கும்போது திம்பத்திலேயே வண்டியை முழுவதுமாக நிறுத்தினார். பிரேக்கை மிதித்தபடி இரண்டாம் கியரைப் போட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டுப் புறப்பட்டார். செங்குத்தான வளைவுகளுக்கு முன் நடை வேகத்துக்குப் பிரேக்கால் இறக்கிய பிறகுதான் டபுள் கிளட்ச் போட்டு முதல் கியருக்கு வந்தார். 27 வளைவுகளும் இறங்கிப் பண்ணாரி வரும்வரை பிரேக் கருகிய வாடையே இல்லை.